ஒற்றை மொழி என்னும் எடுகோள்: இந்திய மொழிக் கணக்கெடுப்பும் அது மறைக்கும் மனிதர்களும்

1. கேள்வி

பீகாரின் ரக்சௌலும் நேபாளத்தின் பீர்கஞ்சும் எல்லைக்கோட்டின் இருபுறமும் ஒட்டியிருக்கும் ஊர்கள். இரண்டிலும் பரவலாகப் பேசப்படுவது போஜ்புரி. பீர்கஞ்சில் பேசப்படும் போஜ்புரியை நேபாள அரசு தனிமொழியாகக் கணக்கிடுகிறது. அந்நாட்டின் 2011 கணக்கெடுப்பில் சுமார் 16 லட்சம் பேர் போஜ்புரி பேசுவோராகப் பதிவாகியுள்ளனர். ரக்சௌலில் பேசப்படும் போஜ்புரி இந்தியக் கணக்கெடுப்பில் இந்தி என்னும் தலைப்பின் கீழ் அடங்கிவிடுகிறது. பேச்சு மாறவில்லை, மாறுவது எண்ணும் அரசு.

ஒரு குடிமகனின் மொழி இதுதான் என்று அவரைக் கேளாமலேயே ஓர் அரசு வைத்துக்கொள்ளும் மொழியை இக்கட்டுரை 'எடுகோள் மொழி' என்று குறிக்கிறது. அரசு இயங்க ஒரு பொதுமொழி தேவைப்படலாம், அதில் தவறில்லை. ஆனால் அந்தப் பொதுமொழி எந்த இடத்தில் குடிமக்கள்மீதான ஓர் அனுமானமாக மாறுகிறது, அந்த அனுமானம் பொய்க்கும்போது விலை கொடுப்பவர் யார் என்பதே இங்கு ஆராயப்படும் கேள்வி. இந்தியக் கணக்கெடுப்பு, மொழிவாரி மாநிலங்களின் உள்கட்டமைப்பு, தொடக்கப்பள்ளி ஆகிய மூன்று களங்களில் இக்கேள்வியைப் பொருத்திப் பார்க்கலாம்.

2. இதுவரையிலான புரிதல்கள்

இப்பொருள் குறித்து மூன்று நிலைப்பாடுகள் உள்ளன. முதலாவது, ஒரு நாட்டுக்கு ஒரு மொழி என்பது. 1794இல் பிரெஞ்சுப் புரட்சி அரசின் முன் ஆபே கிரெகுவார் வைத்த அறிக்கை இதன் தொடக்ககால ஆவணங்களுள் ஒன்று. வட்டார மொழிகளை ஒழித்துப் பிரெஞ்சைப் பரப்புவது குடியரசின் கடமை என அது வாதிட்டது. மொழிப்பன்மையை ஒற்றுமைக்கு எதிரானதாகவும், மொழியறியாமையைக் குடிமகனின் குறையாகவும் பார்க்கும் வழக்கத்துக்கு அது அரசியல் வடிவம் தந்தது.

இரண்டாவது, மொழிவாரி மாநிலக் கோட்பாடு. பொட்டி ஸ்ரீராமுலு 1952 டிசம்பரில் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்ததையடுத்து 1953இல் ஆந்திர மாநிலம் உருவாயிற்று. மாநில மறுசீரமைப்பு ஆணையத்தின் 1955 அறிக்கைக்குப் பின் 1956 நவம்பர் 1இல் பெரும்பாலான மாநிலங்கள் மொழி அடிப்படையில் அமைந்தன. மொழிவாரி மாநிலங்கள் நாட்டைச் சிதறடிக்கும் என்ற அன்றைய அச்சம் பொய்த்துப்போனதையும், அவை ஒற்றுமைக்கு வலுச் சேர்த்ததையும் ராமச்சந்திர குஹா உள்ளிட்ட வரலாற்றாசிரியர்கள் எடுத்துக்காட்டியுள்ளனர். மறுதலையான சான்றுகளும் அண்டை நாடுகளிலேயே உண்டு. 1956இல் சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கிய இலங்கையும், வங்காளி பேசும் பெரும்பான்மையினர்மீது உருதுவைத் திணிக்க முனைந்த பாகிஸ்தானும் சென்ற பாதையை நாம் அறிவோம்.

மூன்றாவது, மைசூரிலுள்ள இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனத்தின் முதல் இயக்குநரான டி. பி. பட்டநாயக், மொழி உளவியலாளர் அஜித் மொஹந்தி ஆகியோர் முன்வைத்த பார்வை. இந்தியரின் இயல்பே பன்மொழித்தன்மை என்பது இவர்களது அடிப்படை. இந்தியாவில் இரட்டைப் பிளவு நிலவுகிறது என்கிறார் மொஹந்தி: ஆங்கிலத்துக்கும் பெரிய இந்திய மொழிகளுக்கும் இடையே ஒன்று, பெரிய இந்திய மொழிகளுக்கும் பழங்குடி, சிறுபான்மை மொழிகளுக்கும் இடையே மற்றொன்று. நம் பொதுவெளியில் முதல் பிளவு பற்றிய பேச்சே ஓங்கியிருக்கிறது. இரண்டாம் பிளவைப் பற்றிப் பேசும்போது பெரிய மொழிக்காரர்களாகிய நாமும் பதில் சொல்ல வேண்டியவர்களாகிறோம். இக்கட்டுரை அப்பிளவையே மையமாகக் கொள்கிறது.

3. எண்ணும் முறை: 19,569இலிருந்து 22 வரை

2011 கணக்கெடுப்பில் மக்கள் தங்கள் தாய்மொழி எனச் சொன்ன பெயர்கள் 19,569. எழுத்து வேறுபாடு, சாதிப்பெயர், ஊர்ப்பெயர் ஆகியவற்றைச் சலித்த பின் 1,369 தாய்மொழிகள் எஞ்சின. மேலும் 1,474 பெயர்கள் வகைப்படுத்த இயலாதவை என ஒதுக்கப்பட்டன. அடுத்து, 10,000 பேருக்குக் குறையாமல் பேசும் 270 தாய்மொழிகள் தேர்ந்தெடுக்கப்பட்டு 121 'மொழி'களின் கீழ் தொகுக்கப்பட்டன. அவற்றுள் 22 அரசமைப்பின் எட்டாம் அட்டவணையில் உள்ளவை. 99 அதற்கு வெளியே நிற்பவை.

இந்தச் சலிப்பின் ஒரு பகுதி தவிர்க்க முடியாதது. ஒரே மொழிக்குப் பத்துப் பெயர்கள் வரும்போது அவற்றை ஒன்றாக்கத்தான் வேண்டும். எந்த மொழி எதன் கீழ் போகிறது என்ற இடத்தில்தான் சிக்கல் எழுகிறது. 2011இல் இந்தி பேசுவோர் 52.83 கோடி, அதாவது மக்கள்தொகையில் 43.63 விழுக்காடு என்று வெளியானது. அரசியல் மேடைகளில் புழங்குவதும் இவ்வெண்ணே. இதே அறிக்கையின் உள் அட்டவணையில் தம் தாய்மொழி இந்தி என்றே சொன்னவர்கள் 32.22 கோடிப் பேர். மக்கள்தொகையில் சுமார் 26.6 விழுக்காடு. எஞ்சிய 20 கோடிக்கும் மேற்பட்டோர் வேறு பெயர் சொன்னவர்கள். போஜ்புரி 5.06 கோடி, ராஜஸ்தானி 2.58 கோடி, சத்தீஸ்கரி 1.62 கோடி, மகஹி 1.27 கோடி என்று அந்தப் பட்டியல் நீள்கிறது. தெலங்கானா, கர்நாடகம், மகாராஷ்டிரம் ஆகிய மாநிலங்களில் தண்டா எனப்படும் குடியிருப்புகளில் வாழும் லம்பாடி மக்கள் 32 லட்சத்துக்கு மேற்பட்டோரும் இந்தி பேசுவோராகவே எண்ணப்பட்டனர்.

இத்தொகுப்புக்கு மொழியியல் அடிப்படை உண்டா? ஜார்ஜ் ஆபிரகாம் கிரியர்சனின் இந்திய மொழிக் கள ஆய்வு, போஜ்புரி, மைதிலி, மகஹி மூன்றையும் 'பிஹாரி' என்ற பிரிவாக்கி, வங்காளி, ஒடியா, அசாமியோடு கிழக்குக் குழுவில் வைத்தது. இந்தி அங்கே வேறு குழுவில் நின்றது. கிரியர்சனின் பகுப்பைப் பிற்கால அறிஞர்கள் பல இடங்களில் மறுத்துள்ளனர். மேலும், மொழிக்கும் கிளைமொழிக்கும் இடையே கூர்மையான கோடு கிழிக்க மொழியியலால் முடியாது என்பதையும் நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும். அப்படியானால் கோட்டைக் கிழித்தது எது?

மைதிலி இதற்கு விடை தருகிறது. 1991 கணக்கெடுப்பு வரை மைதிலி இந்தியின் கீழ் இருந்தது. 2003இல் 92ஆம் அரசமைப்புத் திருத்தம் போடோ, டோக்ரி, சந்தாலி ஆகியவற்றுடன் மைதிலியையும் எட்டாம் அட்டவணையில் சேர்த்தது. அதன்பின் வெளியான 2001 அட்டவணைகளில் மைதிலி 1.2 கோடிப் பேரின் தனிமொழி. 2011இல் அது 1.36 கோடி. இடைப்பட்ட காலத்தில் மைதிலியின் இலக்கணம் மாறவில்லை. நாடாளுமன்றத்தில் ஒரு வாக்கெடுப்பு நடந்தது. ஆகவே கணக்கெடுப்பின் மொழி வரிசை, அரசியல் ஏற்பின் வரிசையுமாகும். அதனை மொழியியல் உண்மையாகக் கொள்வது பிழை.

இதற்கு எதிர்த்திசையில், 1961 கணக்கெடுப்பு 1,652 தாய்மொழிகளைப் பட்டியலிட்டது. 1971 முதல் 10,000 பேருக்குக் குறைந்தவர் பேசும் மொழிகள் வெளியீட்டிலிருந்து நீங்கின. அருகிவரும் மொழிகளுக்குத்தான் ஆண்டுதோறும் கூர்ந்த கணக்கு தேவை. அவைதான் 'பிற' என்னும் ஒற்றைச் சொல்லுக்குள் போயின. கணேஷ் தேவி முன்னின்று நடத்திய இந்திய மக்கள் மொழியியல் கள ஆய்வு 780 மொழிகளைப் பதிவு செய்தது, அரசு விட்ட இடத்தை நிரப்பும் முயற்சியே.

மற்றொரு எல்லையும் இம்முறைக்கு உண்டு. கணக்கெடுப்புப் படிவத்தில் தாய்மொழிக்கு இடம் ஒன்றுதான். கூடுதலாக இரண்டு மொழிகளைச் சொல்லலாம். 2011இல் இரு மொழி அறிந்தோர் சுமார் 26 விழுக்காடு, மூன்று மொழி அறிந்தோர் சுமார் 7 விழுக்காடு எனப் பதிவாயிற்று. வீட்டில் ஒன்று, சந்தையில் ஒன்று, பள்ளியில் ஒன்று என வளரும் குழந்தைக்கு ஒரே தாய்மொழிதான் உண்டு என்பதே ஆராய வேண்டிய ஓர் எடுகோள்.

4. மாநிலத்துக்குள்: பெரும்பான்மையின் எல்லை

1955 மாநில மறுசீரமைப்பு ஆணையம் இச்சிக்கலை அறிந்தே இருந்தது. ஒரு மாநிலத்தில் ஏறத்தாழ 70 விழுக்காட்டினர் ஒரே மொழியைப் பேசினால்தான் அதனை ஒருமொழி மாநிலமாகக் கொள்ளலாம். 30 விழுக்காடு அளவுக்குச் சிறுபான்மை இருந்தால் நிர்வாகத்தில் இருமொழி வேண்டும். ஒரு மாவட்டத்தில் 70 விழுக்காட்டினர் வேறு மொழி பேசினால் அம்மொழியே மாவட்ட ஆட்சிமொழியாக வேண்டும் என்று அது கருதியது. 1956இல் ஏழாம் திருத்தத்தின் வழியே அரசமைப்பில் 350 அ, 350 ஆ பிரிவுகள் சேர்ந்தன. முன்னது மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியில் தாய்மொழி வழிக் கற்பித்தலுக்கு மாநிலங்கள் முயலவேண்டும் என்கிறது. பின்னது மொழிச் சிறுபான்மையினருக்கான சிறப்பு அலுவலரை உருவாக்கியது. ஒரு வகுப்பில் 10 மாணவர் அல்லது பள்ளி முழுவதிலும் 40 மாணவர் இருந்தால் அவர்கள் தாய்மொழியில் கற்பிக்க ஏற்பாடு வேண்டும் என்ற விதி 1949இலேயே மாகாணக் கல்வி அமைச்சர்கள் மாநாட்டில் ஏற்கப்பட்டிருந்தது.

இக்காப்புகள் நல்லவை. ஆனால் இவை யாரை மனத்தில் வைத்து எழுதப்பட்டன? ஆந்திரத்தில் வாழும் தமிழர், கர்நாடகத்தில் வாழும் மராத்தியர் போன்று, வேறொரு மாநிலத்தில் பெரும்பான்மையாக இருக்கும் மொழியினரை. எந்த மாநிலத்திலும் பெரும்பான்மையாக இல்லாதவர்கள் இவ்விகிதக் கணக்கில் அகப்படுவதில்லை. சுமார் 30 லட்சம் பேர் பேசும் கோண்டி மொழி மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், மகாராஷ்டிரம், தெலங்கானா எனப் பிரிந்து கிடக்கிறது. கோண்டி பேசும் குழந்தை பஸ்தரில் பிறந்தால் இந்தியிலும், கட்சிரோலியில் பிறந்தால் மராத்தியிலும், ஆதிலாபாத்தில் பிறந்தால் தெலுங்கிலும் எழுத்தறிய வேண்டும். ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் பேசும் பீலி மொழிக்கும் இதே நிலை. பீலியும் கோண்டியும் எட்டாம் அட்டவணையில் இல்லை. தாய்மொழி எனச் சொன்னோர் 24,821 பேரே உள்ள சமஸ்கிருதம் அதில் உள்ளது. அட்டவணை மக்களின் எண்ணிக்கையையோ தேவையையோ அளவுகோலாகக் கொள்ளவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

தமிழ்நாட்டையும் இதே அளவுகோலால் அளக்க வேண்டும். இந்தி எதிர்ப்புப் போராட்டத்தின் வழியாகவும், 1968இல் ஏற்ற இருமொழிக் கொள்கையின் வழியாகவும், ஒற்றை எடுகோளை மறுத்த மாநிலம் இது. அந்த மறுப்பு நியாயமானது. அதே நியாயம் மாநிலத்துக்குள்ளும் செல்ல வேண்டும். 2011 கணக்கில் இம்மாநிலத்தில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் சுமார் 88 விழுக்காடு. எஞ்சியோரில் தெலுங்கு, கன்னடம், உருது, மலையாளம் பேசுவோர் மட்டுமன்றி, வேறு மாநிலம் எதிலும் துணையற்ற மொழியினரும் உள்ளனர். நீலகிரியின் படுக மொழி கணக்கெடுப்பில் கன்னடத்தின் கீழ் வருகிறது. மதுரை, பரமக்குடி, கும்பகோணம் போன்ற ஊர்களில் தலைமுறைகளாக வாழும் சௌராஷ்டிரர்களின் மொழி குஜராத்தியின் கீழ் வருகிறது. இருளர் மொழி தமிழின் கீழ் வருகிறது. அதனைத் தனித் திராவிட மொழியாகக் கண்டு ஆராய்ந்தவர் கமில் சுவலபில். மொழியியலாளர் எமனோ பல பத்தாண்டுகள் உழைத்துப் பதிவு செய்த தோடா, கோத்தா மொழிகள் 10,000 என்னும் வரம்புக்கு எட்டாதவை. யுனெஸ்கோ இவ்விரண்டையும் மிகக் கடுமையாக அழிவை எதிர்நோக்கும் மொழிகளாகப் பட்டியலிட்டுள்ளது.

2006இன் தமிழ் கற்றல் சட்டம் எல்லாப் பள்ளிகளிலும் தமிழைப் படிப்படியாகக் கட்டாயப் பாடமாக்கியது. மாநில மொழியை எல்லாக் குழந்தைகளும் கற்பது அவர்கள் வாழ்வுக்கும் நல்லது. இக்கட்டுரை அதனை எதிர்க்கவில்லை. ஆனால் தம் மொழி தேர்வுப் பாடத்திலிருந்து விலகிப் போவதாக ஓசூர்ப் பகுதி உள்ளிட்ட இடங்களின் மொழிச் சிறுபான்மைப் பள்ளிகள் நீதிமன்றம் சென்றன. அவர்களது கவலையைத் தமிழ் விரோதம் என்று தள்ளிவிட்டால், 1937இல் இந்தியை எதிர்த்தபோது நாம் யாரிடம் என்ன கேட்டோம் என்பதையே மறந்தவர்களாவோம். தமிழகத்துக்கு உழைக்க வரும் போஜ்புரி, சந்தாலி, ஒடியா பேசும் தொழிலாளரை ஒட்டுமொத்தமாக 'இந்திக்காரர்' என்று நாம் அழைப்பதும் இதே எடுகோளின் மறுபதிப்பே. 43.63 விழுக்காடு என்ற கணக்கை மேடையில் மறுக்கும் நாம், அன்றாடப் பேச்சில் அதனை மெய்யாக்கிக்கொண்டிருக்கிறோம்.

5. வகுப்பறையின் சான்று

எடுகோள் மொழியின் விலை மிகக் கூடுதலாக வெளிப்படுமிடம் முதல் வகுப்பு. ஆசிரியர் சொல்வது புரியாத குழந்தை ஒரே நேரத்தில் மொழியையும் எழுத்தையும் கணக்கையும் கற்க வேண்டியிருக்கிறது. தாய்மொழியில் தொடங்குவதே சிறந்தது என யுனெஸ்கோ 1953இலேயே பரிந்துரைத்தது.

ஒடிசாவின் முயற்சி இங்குக் கவனிக்கத்தக்கது. 1936இல் மொழி அடிப்படையில் உருவான அம்மாநிலத்தின் மக்கள்தொகையில் சுமார் 23 விழுக்காட்டினர் பட்டியல் பழங்குடியினர். ஒடியா என்ற எடுகோள் இவர்களில் பெரும்பகுதியினருக்குப் பொருந்தாது என்பதை ஏற்று, 2006இல் சந்தாலி, சௌரா, குயி, குவி, கோயா, ஜுவாங் உள்ளிட்ட பத்து மொழிகளில் தாய்மொழி சார்ந்த பன்மொழிக் கல்வியை மாநில அரசு தொடங்கியது. பின்னர் அது 21 மொழிகளுக்கு விரிந்தது. குழந்தை தன் மொழியில் எழுத்தறிந்து, படிப்படியாக ஒடியாவுக்கும் ஆங்கிலத்துக்கும் செல்வது இதன் முறை. பொதுமொழியை இது கைவிடவில்லை. அதற்குச் செல்லும் வழியைக் குழந்தையின் பக்கத்திலிருந்து போடுகிறது.

எதிர்ச் சான்றையும் வைத்தாக வேண்டும். பிலிப்பைன்ஸ் 2013இன் சட்டத்தின் மூலம் தொடக்க வகுப்புகளில் தாய்மொழிக் கல்வியை நாடு முழுதும் கட்டாயமாக்கி, 19 மொழிகளில் செயல்படுத்தியது. 2024இல் மற்றொரு சட்டத்தால் அந்தக் கட்டாயத்தை நீக்கியது. எல்லா மாணவரும் ஒரே மொழி பேசும் வகுப்புகளுக்கு மட்டும் விருப்பத் தேர்வாக விட்டது. பாடநூல் பற்றாக்குறை, அம்மொழிகளில் பயிற்சி பெற்ற ஆசிரியரின்மை, ஒரே வகுப்பில் பல மொழிகள் கலந்திருந்தமை ஆகியவை பின்னடைவுக்குக் காரணங்களாகச் சொல்லப்பட்டன. கொள்கையை அறிவித்து, பணத்தையும் ஆளையும் தராவிட்டால் தாய்மொழிக் கல்வியும் தோற்கும் என்பதே இதன் பாடம். தாய்மொழியில் குழந்தை கற்க முடியாது என்பதை அது நிறுவவில்லை.

6. எதிர்வாதங்களை எடைபோடல்

முதல் எதிர்வாதம், பொதுமொழி இல்லாமல் நாடு இயங்காது என்பது. இந்தோனேசியா இதற்கு வலுவான சான்று. எழுநூறுக்கும் மேற்பட்ட மொழிகள் கொண்ட அந்நாட்டில், மிகப் பெரிய குழுவினரின் ஜாவா மொழியை விடுத்து, வணிக வழக்கிலிருந்த மலாயை 1928இன் இளைஞர் உறுதிமொழி பொதுமொழியாக ஏற்றது. எந்தப் பெரும் குழுவுக்கும் பிறப்புரிமையாக இல்லாத மொழி என்பதால் அது எதிர்ப்பின்றிப் பரவியது. இவ்வெற்றியை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் பொதுமொழி வேறு, எடுகோள் மொழி வேறு. பொதுமொழி எல்லாருக்கும் கற்பிக்கப்படுவது. எடுகோள் மொழியோ எல்லாருக்கும் ஏற்கெனவே தெரியும் என்று வைத்துக்கொள்ளப்படுவது.

இரண்டாவது, செலவு. பல மொழிகளில் பாடநூலும் ஆசிரியரும் தர அரசிடம் பணமில்லை என்கின்றனர். பாடம் புரியாமல் பள்ளியிலிருந்து நிற்கும் குழந்தையும் ஒரு செலவுதான். அது அரசின் கணக்கில் எழுதப்படாமல் அக்குடும்பத்தின் கணக்கில் எழுதப்படுகிறது. செலவே இல்லாத வழி எதுவும் இல்லை. யார் தாங்குவது என்பதே தேர்வு.

மூன்றாவதும் மிகக் கடினமானதும், பெற்றோரின் விருப்பம். பழங்குடிப் பெற்றோரும் தம் பிள்ளைகளுக்கு ஆங்கிலமோ மாநில மொழியோ வேண்டும் என்கின்றனர். தொடக்கக் கல்வியில் தாய்மொழி வழியைக் கட்டாயப்படுத்திய கர்நாடக அரசின் ஆணையை 2014இல் உச்ச நீதிமன்றத்தின் ஐவர் அமர்வு ஏற்கவில்லை. பயிற்று மொழியைத் தேர்வது பெற்றோரின் உரிமை என்றது. இவ்விருப்பத்தை அறியாமை என்பது அவமதிப்பு. வேலையும் மதிப்பும் எம்மொழியில் கிடைக்கின்றன என்பதை அவர்கள் சரியாகவே கணித்திருக்கிறார்கள். எனினும் விருப்பம் என்பதற்கு மாற்று வழி இருக்க வேண்டும். கோண்டியில் நல்ல பள்ளி எங்கும் இல்லாத நிலையில், கோண்டிப் பள்ளியை எவரும் கேட்கவில்லை என்பது சான்றாகாது.

7. முடிவுரை

மேற்கண்ட சான்றுகளிலிருந்து மூன்று முடிவுகளுக்கு வரலாம். ஒன்று, நம் கணக்கெடுப்பின் பெரிய எண்கள் தொகுத்தவரின் முடிவையும் சேர்த்தே சொல்கின்றன. அவற்றை மொழிப்பெரும்பான்மைக்குச் சான்றாக வைப்பது ஆய்வு நெறிக்கு ஒவ்வாது. இரண்டு, மொழிவாரி மாநிலம் ஒற்றை எடுகோளை நடுவண் அரசிடமிருந்து விலக்கியது. ஆனால் தன்னுள்ளே அதைத் திரும்ப அமைத்தது. மூன்று, எடுகோள் பொய்க்கும்போது அதன் சுமை, அதைத் தாங்க மிகவும் வலுவற்றவர்கள்மீதே விழுகிறது.

சுமையை அரசின் பக்கம் மாற்றுவது இயலாத கனவன்று. குற்றம் சாட்டப்பட்டவருக்குப் புரியாத மொழியில் சாட்சியம் சொல்லப்பட்டால், அதை அவருக்கு மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டும் என்று பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 279ஆம் பிரிவு விதித்தது. அங்கே புரியவைக்கும் கடமை நீதிமன்றத்துக்கு. இதே கடமையை மருத்துவமனைக்கும், நியாயவிலைக் கடைக்கும், முதல் வகுப்புக்கும் நீட்டிப்பதுதான் நம்முன் உள்ள பணி. நேபாளத்தின் 2015 அரசமைப்பு அந்நாட்டில் பேசப்படும் எல்லாத் தாய்மொழிகளையும் தேசத்தின் மொழிகளாக அறிவித்துள்ளது. அறிவிப்பளவிலேனும் அது நம்மைவிட முன்னே நிற்கிறது.

தமிழ்நாடு அரசு தொடங்கக்கூடிய செயல்கள் உள்ளன. நீலகிரியின் சிறு மொழிகளுக்கும் இருளர் மொழிக்கும் மாநில அளவில் தனிக் கணக்கெடுப்பு நடத்தலாம். அம்மொழி பேசுவோரையே ஆசிரியர்களாகப் பயிற்றித் தொடக்க வகுப்புகளில் அமர்த்தலாம். புலம்பெயர் தொழிலாளர் மிகுந்த மாவட்டங்களின் அரசு மருத்துவமனைகளில் அவர்கள் உண்மையில் பேசும் மொழிகளை அறிந்து மொழிபெயர்ப்பாளரை நியமிக்கலாம். தமிழின் உரிமைக்காக எழுப்பிய குரல் உலகெங்கும் கேட்டது. அக்குரலின் நியாயம் தோடருக்கும் இருளருக்கும் உண்டு என ஏற்கும் முதல் மாநிலமாகத் தமிழ்நாடு விளங்க வேண்டும்.